கட்டத்தில் இல்லாத வடம்

லுசிபா ஆற்றுக்குக் குறுக்கே கட்டி, மிதவையைப் பிடித்து நிறுத்தியிருந்த எஃகு வடம் ஆறு புரி முறுக்கியது. அதில் முதல் புரி ஒரு பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் அறுந்தது. கண்டவர் மிதவை இழுக்கும் கபாசோ லோம்பே. பள்ளம் வெட்டிய மரக்கட்டையை வடத்தில் மாட்டி, இழுத்து, மறுபடி மாட்டி, மறுபடி இழுத்துப் பத்தொன்பது வருடமாகக் கரைக்குக் கரை போய்வந்த மனிதர். கட்டை எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அந்த நடையில் முப்பத்தேழு பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் அக்கரையில். முப்பத்தேழில் ஒருத்தி அவருடைய மகள் கசுபா, பதினோரு வயது. முதலை உள்ள ஆறு, ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடாதே என்று தினமும் அவளிடம் சொல்வார். அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டார். பிரிந்து துருத்திக்கொண்டு நின்ற கம்பிகளையே பார்த்தபடி இழுத்தார்.

ஆற்றைக் கடக்கும் இடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆற்றுக் கடவுகள் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆயிற்று என்று அவர் நினைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் துறையிடம் எதுவும் சொன்னதில்லை. துறையும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை, நீர்மட்டத்தையும் நடைக்கணக்கையும் தவிர. ஆகவே இப்படி ஒரு நினைப்பு வந்ததில் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

நீர்மட்டத்தைக் கேட்பது ரேடியோ. தினமும் காலை எட்டரைக்கு மாகாண அலுவலகத்திலிருந்து சிசெங்கா என்பவர் ஒவ்வொரு கடவாகக் கூப்பிடுவார். கபாசோ அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை மட்டும் தெரியும்; எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும் குரல்.

"லுசிபா, நீர்மட்டம் சொல்லு."

"ரெண்டு மீட்டர் பத்து. வடத்துல ஒரு புரி அறுந்து..."

"ரெண்டு பத்து. எத்தனை நடை?"

"நேத்து பதினெட்டு. ஐயா, வடம்..."

"பதினெட்டு. எல்லாம் சரியா?"

"சரியில்லைங்க. வடத்துல ஒரு புரி அறுந்துபோச்சு."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பாஷி கசுபா," என்றார் சிசெங்கா. தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் தகப்பன் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். "என் தாள்ல மூணு கட்டம் இருக்கு. நீர்மட்டம், நடை, அப்புறம் எல்லாம் சரி. மூணாவது கட்டத்துல 'எல்லாம் சரி'ன்னு அச்சடிச்சே லுசாக்கா தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்துருது. நான் வடத்தை எங்க எழுதுறது?"

"பக்கத்துல கொஞ்சம் எடம் இருக்காதாங்க?"

"பக்கத்துல எழுதுனா தாள் கெட்டுரும். எழுத்துல குடுங்க, முறையான வழியில. ஓவர்."

முறையான வழியின் முதல் படி மேற்பார்வையாளர் சோலா. மனிதர் அக்கரையில், மிதவை போய் நிற்கும் இடத்திலிருந்து மூன்றாவது வீட்டில் இருந்தார். தினம் இரண்டு முறை சைக்கிளோடு அதே மிதவையில் ஏறுவார். மறுநாள் ஆற்றின் நடுவில் கபாசோ இழுப்பதை நிறுத்தி, அறுந்த புரியைக் காட்டினார்.

"சோலா ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க."

சோலா சட்டென்று முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னைப் பார்க்கச் சொல்லாத, பாஷி கசுபா. பார்த்துட்டேன்னா எனக்குத் தெரிஞ்சதாயிரும். தெரிஞ்சும் சும்மா இருந்தா அது குத்தம். தெரியாம சும்மா இருந்தா அது உத்தியோகம்."

"நீங்களும் தினம் இதுலதானே போறீங்க?"

"போறேன். நீச்சல் தெரியும். விதிதான் தெரியாம போயிரக் கூடாது."

அன்றிலிருந்து சோலா மிதவையில் ஏறினால் வடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். ஊர்ப்பிள்ளைகள் அதைப் பார்த்து, அவருக்குக் கழுத்துச் சுளுக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

கபாசோ கடிதம் எழுதினார். 'வடத்தில் ஒரு புரி அறுந்துவிட்டது. மீதியும் அறுந்தால் பிள்ளைகள் ஆற்றில் போய்விடுவார்கள். புது வடம் அனுப்பவும்.' இவ்வளவுதான். அது நான்கு நாளில் திரும்பி வந்தது, தேதி முத்திரை இல்லையென்று. முத்திரை மாவட்ட அலுவலகத்தில் இருந்தது, அறுபது கிலோமீட்டர் தள்ளி. போய் வாங்கி வர விடுப்பு வேண்டும். விடுப்புக் கடிதத்துக்குத் தேதி முத்திரை வேண்டும். கடைசியில் சோலாவே இரக்கப்பட்டு, கடிதத்தைப் படித்துவிடாமல் நான்காக மடித்து, மாவட்டத்துக்குப் போகும் மீன் லாரியில் கொடுத்தனுப்பி முத்திரை வாங்கித் தந்தார். கடிதத்தில் மீன் வாசனை அடித்தது, ஆனால் சட்டப்படி அது இப்போது கடிதம்.

இரண்டாவது தடவை அது திரும்பியது 'போய்விடுவார்கள்' என்ற சொல்லுக்காக. ஒன்பதாம் தரத்து ஊழியர் வருங்காலத்தைப் பற்றி எழுதக் கூடாது. வருங்காலம் நான்காம் தரத்திலிருந்துதான் தொடங்குகிறது. கபாசோ அந்த வரியை அடித்தார். அடித்தல் திருத்தல் கூடாது என்று மூன்றாவது தடவை திரும்பியது. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் கடிதம் மேலே ஏறத் தொடங்கிவிட்டது என்றால், துறையில் பழகியவர்கள் அதை வேகம் என்றுதான் சொல்வார்கள்.

மேலே ஏறிய விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் அலுவலகமும் கீழேயிருந்து வந்ததைப் பத்திரமாகத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு, 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ள கடிதத்தைக் காண்க' என்று புதிதாக ஒரு முகப்புக் கடிதம் எழுதி மேலே அனுப்பும். மூலக்கடிதம் தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயம். இப்படியே மாவட்டம், மாகாணம், மண்டலம் என்று ஏறி லுசாக்காவில் தலைமை இயக்குநர் கபெம்ப்வாவின் மேசையில் போய் விழுந்தது, இணைப்பு எதுவும் இல்லாத, நான்கு முத்திரை குத்திய, மிக அழகான ஒரு முகப்புக் கடிதம். இயக்குநர் அதை இரண்டு முறை படித்தாராம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லையாம்.

ஜூலையில் பதில் வந்தது: 'தங்கள் கடிதம் தொடர்பான கடிதம் கிடைக்கப்பெற்றது. கீழ்நிலையிலிருந்து தகவல் இத்தனை சீராக வருவது மகிழ்ச்சியளிக்கிறது.' அப்போது வடத்தில் நான்கு புரிகள் இருந்தன.

கபாசோ தன்னால் ஆனதைச் செய்தார். லாரிகளை ஏற்றுவதை நிறுத்தினார். டிரைவர்கள் அவரை மட்டுமல்லாமல் அவர் தாயாரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, நூறு கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள். பிள்ளைகளை ஒரே நடையில் ஏற்றாமல் மூன்று நடையாகப் பிரித்தார். தோள் வீங்கியது. ஒவ்வொரு நடையிலும் கசுபா இருக்கிறாளா என்று அவர் கண் தேடும். பிறகு அப்படித் தேடியதற்கு வெட்கப்படுவார். மற்ற பிள்ளைகளுக்கும் தகப்பன்மார் உண்டே.

செப்டம்பரில் மான்சா நகரத்துக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. 'திறந்த மனதுடன் தகவல் பரிமாற்றம்' என்று மூன்று நாள் பயிலரங்கு. ஓட்டல் மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் கொய்யாச் சாறு. இயக்குநர் கபெம்ப்வா மேடையேறினார். கனத்த சரீரம், மெல்லிய குரல்.

"தகவல்ங்கிறது ஆறு மாதிரி, நண்பர்களே. மேலேயிருந்து கீழே பாயணும். கீழேயிருந்து மேலே பாய ஆரம்பிச்சா அதுக்குப் பேரு வெள்ளம். வெள்ளத்துல யாருக்கு என்ன நன்மை? அதனால நாம கீழேயிருந்து வர்றதை வாய்க்கால் வெட்டி, மடை கட்டி, படிப்படியா வடிகட்டி வாங்குறோம். என்கிட்ட வந்து சேரும்போது அது எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா? உள்ள ஒண்ணுமே இருக்காது. அவ்வளவு தெளிவு."

கைத்தட்டல்.

"என் கதவு எப்பவும் திறந்தே இருக்கும். அதுக்கு முன்னாடி இருக்கிற மூணு கதவைத்தான் பாதுகாப்புக்காகப் பூட்டி வெச்சிருக்கோம்."

மறுபடி கைத்தட்டல். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் பத்து நாளைக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். யாரும் கொடுத்திருக்கவில்லை. ஆகவே யாருக்கும் சந்தேகம் இல்லை என்று முடிவானது.

மூன்றாம் நாள் 'ஆண்டின் சிறந்த தகவலாளர்' என்று கபாசோவின் பெயரைக் கூப்பிட்டார்கள். துறையின் வரலாற்றிலேயே ஒரு ஒன்பதாம் தரத்துக் கடிதம் அத்தனை படிகளையும் ஏறியது அதுதான் முதல் தடவையாம். சான்றிதழும் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு மரப்பெட்டியும் கொடுத்தார்கள். ஆலோசனைப் பெட்டி. பூட்டு இருந்தது. சாவி லுசாக்காவில். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கபாசோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"வடம் அறுந்துகிட்டு இருக்குங்க. ஆறு புரியில நாலுதான் இருக்கு. பிள்ளைங்க தினம் அதுலதான் போறாங்க. என் பிள்ளையும் போகுது. எனக்குச் சான்றிதழ் வேண்டாம், ஒரு வடம் குடுங்க."

எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிய அம்மாள், 'திரு. லோம்பே உணர்ச்சிபூர்வமாக நன்றி தெரிவித்தார்' என்று எழுதினாள். கபாசோவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பக்கத்தில் நின்று அதைப் படித்தார். சண்டை போடலாமா என்று நினைத்தார். தெம்பில்லை.

மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது வடத்தில் மூன்று புரிகள் இருந்தன.

கரையில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவு உருண்டை பொரித்து விற்கும் அவர் மனைவி, கசுபாவின் தாய் என்பதால் பானா கசுபா, சான்றிதழை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எண்ணெய் உறிஞ்சுமா இது?"

"வழவழப்புத் தாளு. உறிஞ்சாது."

"அப்ப எதுக்குக் குடுத்தாங்க?" அவள் அதை மாவுப் பானையின் மேல் மூடியாகப் போட்டாள். "பாஷி கசுபா, நம்ம ஊர்த்தலைவரு, சீஃப்கிட்ட ஒரு பேச்சு போகணும்னா என்ன செய்யறோம்? மண்டி போட்டு, கை தட்டி, அவரு பக்கத்துல இருக்கிற ஆளுகிட்டச் சொல்றோம். சீஃப் அங்கேயே மூணு முழத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுகிட்டுத்தான் இருக்காரு. ஆனாலும் அந்த ஆளு மறுபடி ஒரு தடவை அவருக்குச் சொல்வாரு. சின்ன வயசுல எனக்குச் சிரிப்பா வரும். ஆனா கிழங்கு வேகுற நேரத்துல பதில் வந்துரும். உங்க ஆளுங்களுக்கு ஏழு பேரு வழியா சொல்லியும் காதுல ஏறலையே."

"ஏறுதுடி. உள்ள போகல."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்" என்பார்களே, இங்கே பூசாரிகள் மட்டும்தான் இருந்தார்கள். கபாசோ மஞ்சள் பெட்டியைக் கரையில் ஒரு கம்பத்தில் அறைந்து, வாரத்துக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டார். 'வடம் அறுகிறது.' டிசம்பருக்குப் பிறகு 'வடம்' என்று மட்டும் எழுதினார். சங்கை ஊதுவது தன் வேலை என்ற அளவுக்கு வந்துவிட்டார். காலை எட்டரைக்கு ரேடியோ நீர்மட்டம் கேட்கும், நடை கேட்கும், எல்லாம் சரியா என்று கேட்கும். அவர் "வடம்" என்பார். சிசெங்கா மூன்றாவது கட்டத்தைத் தாண்டி அடுத்த கடவுக்குப் போய்விடுவார்.

இரண்டாவது மழைக்காலமும் வந்தது. மேலே எங்கோ பெரிய மழை. ஆறு கலங்கி, புல்லும் கோரையும் வேரோடு பெயர்ந்து தீவு தீவாக மிதந்து வந்தது. மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில் வடத்தில் மிஞ்சியிருந்த இரண்டில் ஒன்று விட்டது. கபாசோ விரல் விட்டு எண்ணினார். எண்ண வேண்டிய அவசியமில்லை. ஒரே ஒரு புரி.

அன்று மாலை பிள்ளைகளை மூன்று மூன்று பேராக மீட்டுக் கொண்டுவந்தார். கசுபாவைக் கடைசி நடையில் வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று பானா கசுபா கேட்கவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு என் பிள்ளை ஏறமாட்டா" என்றாள்.

"மத்த முப்பத்தாறு பேரு?"

மறுநாள் விடிந்ததும் கபாசோ மிதவையைச் சங்கிலியால் மரத்தில் கட்டிப் பூட்டினார். இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டபோது, பதின்மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தோள் வலி குறைந்த மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. இயக்குநர் கபெம்ப்வா இறங்கினார். கழுத்தில் பச்சை ரிப்பனில் ஒரு சாவி. நாடு முழுக்க ஆலோசனைப் பெட்டிகளைத் தன் கையாலேயே திறந்து வைக்கும் பயணத்தில் இருந்தார். லுசிபாவின் பெட்டியைத் திறந்தார். இருபத்தாறு சீட்டுகள்.

"அடேயப்பா," என்றார். "எவ்வளவு ஈடுபாடு. மத்த இடத்துல எல்லாம் சாக்லேட் காகிதம்தான் இருந்துச்சு."

"படிச்சுப் பாருங்க, ப்வானா," என்றார் கபாசோ, பெரிய அதிகாரியை அழைக்கும் மரியாதையோடு.

"இங்கேயா? அது நியாயமில்ல. வகைபிரிக்க ஒரு குழு இருக்கு. குழுவுக்கு முன்னாடி நான் படிச்சா பாரபட்சம்னு ஆயிரும்." சீட்டுகளைப் பையில் போட்டுப் பையை மூடினார். "சரி, அக்கரைக்குப் போகணும். பன்னிரண்டு மணிக்கு சீஃப் வீட்டுல சாப்பாடு. மிதவையை எடு."

"எடுக்க முடியாதுங்க. வடம் அறுந்துரும்."

"நான் சொல்றேன், எடு."

கபாசோ அவரைப் பார்த்தார். கோபமாகப் பேசக்கூட அவரிடம் எதுவும் மிச்சமில்லை. பதின்மூன்று மாதமாகத் தான் கேட்ட வாக்கியம்தான் வாயில் வந்தது.

"எழுத்துல குடுங்க, ப்வானா."

இயக்குநர் பேனாவை எடுத்தார்.

"நீங்க எனக்கு நேரா எழுதக் கூடாதுங்களே. ஒன்பதாம் தரம் நான். மேற்பார்வையாளர் வழியா வரணும். பதினாலாம் நம்பர் சுற்றறிக்கை. நீங்க கையெழுத்துப் போட்டது."

மேற்பார்வையாளர் அக்கரையில், சைக்கிளோடு, வழக்கம்போல வடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இயக்குநர் தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் கையைக் குவித்துக் கத்தினார். மெல்லிய குரல்தான். ஆனாலும் காற்று அந்தப் பக்கம் அடித்தது.

"நீங்க சொல்றது நல்லாக் கேக்குது, ப்வானா," சோலா திரும்பாமலே பதில் கத்தினார். "ஆனா நேரா கேக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க. மாவட்டம் வழியா வரணும்."

இயக்குநருக்கு முகம் வியர்த்தது. ஆனால் அந்த மனிதரிடம் ஒரு நேர்மை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் விதியைத் தானே மீறவில்லை. வண்டி ரேடியோவில் லுசாக்காவைக் கூப்பிட்டார். லுசாக்கா மண்டலத்தை, மண்டலம் மாகாணத்தை, மாகாணம் மாவட்டத்தை. மாவட்டத்தில் முத்திரை குத்தி, மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பி சோலாவிடம் சேர்க்க வேண்டும். சாயங்காலம் ஆகும் என்றார்கள். பிறகு அவர் மாமரத்தடியில் உட்கார்ந்து, தன்னுடைய உத்தரவு தன்னிடம் வந்து சேருவதற்காகக் காத்திருந்தார். பானா கசுபா நாலு உருண்டை பொரித்துச் சான்றிதழின் மேல் வைத்துக் கொடுத்தாள். பசி போல. நான்கையும் சாப்பிட்டார். அன்றைக்குப் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு, வீட்டு முற்றம் அளவுக்கு ஒரு கோரைத் தீவு மேலேயிருந்து மிதந்து வந்து நடு ஆற்றில் வடத்தில் மாட்டியது. வடம் வில்லாக வளைந்தது. ஒரு நிமிடம்தான். டப்பென்று ஒரு சத்தம், பறவைகள் எழுந்தன. அறுந்த நுனி தண்ணீரை அறைந்துகொண்டு அக்கரைப் பக்கம் போய் விழுந்தது. மிதவை சங்கிலியில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதில் யாருமில்லை. கசுபா தாயின் பக்கத்தில், வாயில் பாதி உருண்டையோடு உட்கார்ந்திருந்தாள். கபாசோ முப்பத்தேழு தலைகளையும் எண்ணினார். சரியாக இருந்தது. இன்னொரு தடவை எண்ணினார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் வெகுநேரம் ஆற்றையே பார்த்தார். பை மடியில் இருந்தது.

"இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்றார்.

பானா கசுபா எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு அக்கரையில் மோட்டார் சைக்கிள் வந்தது. சோலா காகிதத்தை வாங்கினார், முத்திரையைச் சரிபார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு இக்கரைக்குக் கேட்கும்படி வாசித்தார்: "லுசிபா மிதவையை உடனடியாக இயக்கவும்." வாசித்துவிட்டு, பதின்மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் திரும்பி, வடம் இருந்த இடத்தைப் பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை எட்டரைக்கு ரேடியோ இரைந்தது.

"லுசிபா, நீர்மட்டம்?"

"மூணு மீட்டர் நாப்பது."

"எத்தனை நடை?"

"ஒண்ணுமில்ல."

"பூஜ்யம்." சிசெங்கா கொட்டாவி விட்டார். "எல்லாம் சரியா?"

கபாசோ வாசலைப் பார்த்தார். கசுபா எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு மணலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எங்கேயோ தள்ளி இருந்தது. பதின்மூன்று மாதமாக இந்தக் கேள்விக்கு அவர் ஒரு நாளும் ஆமாம் என்று சொன்னதில்லை. தாளில் அச்சாகி வந்ததுதான்.

"எல்லாம் சரி," என்றார்.

"இவ்வளவுதான், பாஷி கசுபா," என்றார் சிசெங்கா, சந்தோஷமாக. "ஒரு வருஷமா இதைச் சொல்லத்தான் உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு."